குழந்தை இயேசுவின் கையில் ஏன் ஒரு குருவி?

14, 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய மாதா படங்களை ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போங்கள். வெகுநேரம் ஆகாது, ஒரு குருவி எதிர்ப்படும். சில படங்களில் குழந்தை இயேசு அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருக்கும். சிலவற்றில் அதன் காலில் கட்டிய நூல் குழந்தையின் விரலில் சுற்றியிருக்கும். சிலவற்றில் குருவி குழந்தையின் விரலைக் கொத்தும். முகத்தில் குங்குமத்தை அப்பியது போல் சிவப்பு, கறுத்த இறக்கையில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பட்டை. இந்தப் பறவையின் பெயர் கோல்ட்ஃபின்ச்.

இது எங்கோ ஓரிரு ஓவியர்களின் விருப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹெர்பர்ட் ஃபிரீட்மன் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் இந்தப் பறவை இருக்கும் பக்திப் படங்களைத் தேடித் தேடி எண்ணி, 1946இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். அவர் கணக்கில் வந்தவை 486 படங்கள். வரைந்தவர்கள் 254 பேர், அவர்களில் 214 பேர் இத்தாலியர்கள். கலை வரலாற்றாளர்கள் ஆங்காங்கே தொட்டுவிட்டுப் போன விஷயத்தைப் பறவைகளைப் படிக்கிற ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்பதே ஒரு பாடம். முதலில் பறவையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அர்த்தம் அப்புறம்.

பறவையை அடையாளம் காண்பது

இது நம் ஊர்ப் பறவை இல்லை. அதனால் தமிழில் இதற்கு நிலைத்த பெயரும் இல்லை. ‘தங்கக் குருவி’ என்று பெயர்த்தால் உடம்பெல்லாம் மஞ்சளான ஏதோ ஒரு பறவை மனதில் வந்து நிற்கும். ஆகவே கோல்ட்ஃபின்ச் என்றே வைத்துக்கொள்வோம். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா இதன் இடங்கள். மேற்கு இமயத்தில் இதன் நெருங்கிய உறவுப் பறவை ஒன்று உண்டு. அதன் தலையில் கறுப்பு கிடையாது, சாம்பல் நிறம்தான்.

நீளம் 12, 13 செ.மீ. நம் வீட்டுச் சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சிறியது. எடை 14 முதல் 19 கிராம், அதாவது நாலு தேக்கரண்டிச் சர்க்கரை. முகம் சிவப்பு, கன்னம் வெள்ளை, உச்சந்தலையும் கழுத்தோரமும் கறுப்பு. முதுகு பழுப்பு, இறக்கை கறுப்பு, அதன் குறுக்கே அகலமான மஞ்சள் பட்டை. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆணுக்குச் சிவப்பு கண்ணுக்குச் சற்றுப் பின்வரை போகும், அவ்வளவுதான் வேறுபாடு. குஞ்சுப் பருவத்தில் முகத்தில் சிவப்பே இருக்காது.

அலகைக் கவனியுங்கள். மற்ற விதை தின்னும் குருவிகளுக்குக் கட்டையாக இருக்கும். இதற்குக் கூராக, சற்று நீளமாக இருக்கும். திசில் என்கிற முட்செடியின் பூந்தலைக்குள் அலகை விட்டு விதையை உருவித் தின்ன வசதியான அமைப்பு அது. பெயர்களும் அங்கிருந்தே வருகின்றன. லத்தீனில் கார்துஸ் என்றால் திசில் செடி. பறவையின் அறிவியல் பெயர் கார்துவெலிஸ் கார்துவெலிஸ். இத்தாலியர்களுக்குக் கார்தெல்லினோ, பிரெஞ்சுக்காரர்களுக்கு ஷார்தொனரே, ஜெர்மானியர்களுக்கு டிஸ்டல்ஃபிங்க், எல்லாமே ‘முட்செடிக் குருவி’ என்கிற பொருளில்தான். பொன்னைப் பெயரில் வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். படங்களில் அர்த்தம் தேடும்போது பொன்னை மறந்துவிட்டு முள்ளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

கைக்கு எப்படி வந்தது

மிக எளிய பதிலைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது குழந்தைகளின் விளையாட்டுப் பொருள். அக்கால ஐரோப்பாவில் சிறு பறவையின் காலில் நூலைக் கட்டிக் குழந்தை கையில் கொடுப்பது சாதாரணம். கோல்ட்ஃபின்ச் பார்க்க அழகு, பாட்டும் உண்டு, சொன்னதைக் கற்றுக்கொள்ளும். 1ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: மிகச் சிறிய பறவையான இது, ஏவியதைக் குரலால் மட்டுமல்ல, காலையும் அலகையும் கை போலப் பயன்படுத்தியும் செய்யும் என்று. கடவுளின் மகனை மனிதக் குழந்தையாகக் காட்ட விரும்பிய ஓவியருக்கு, அந்தக் குழந்தை கையில் ஊர்க் குழந்தைகள் வைத்திருக்கும் பொருளையே கொடுப்பதைவிட வேறு என்ன வேண்டும்?

இந்த அடித்தளத்தின் மேல்தான் மற்ற அர்த்தங்கள் ஏறின. பறவை என்றாலே ஆன்மா என்ற எண்ணம் மிகப் பழையது, கிறிஸ்தவத்துக்கும் முந்தியது. 13ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சிலைகளிலேயே மாதாவின் இடுப்பில் இருக்கும் குழந்தை கையில் ஒரு பறவை இருக்கும். அது இன்ன இனம் என்று சொல்ல முடியாத பொதுவான பறவை. 14ஆம் நூற்றாண்டில், குறிப்பாக இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், அந்தப் பொதுப் பறவை கோல்ட்ஃபின்ச்சாக மாறுகிறது. காரணம் முள். முட்செடியில் வாழும் பறவை, முகத்தில் ரத்தச் சிவப்பு. முள்முடியையும் சிலுவைப் பாடுகளையும் நினைவூட்ட இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது. தாயின் மடியில் விளையாடும் குழந்தை பின்னாளில் தனக்கு நேரப்போவதை இப்போதே கையில் பிடித்திருக்கிறது. பார்ப்பவருக்கு அது தெரியும், குழந்தைக்குத் தெரியுமா தெரியாதா என்பதில்தான் ஒவ்வோர் ஓவியரும் தன் கைவரிசையைக் காட்டுகிறார்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. சிலுவை சுமந்து போன இயேசுவின் நெற்றியில் தைத்த முள்ளை இந்தப் பறவை அலகால் பிடுங்கியதாம். தெறித்த ஒரு துளி ரத்தம் முகத்தில் பட்டு, அன்று முதல் அது சிவந்ததாம். எங்கு பார்த்தாலும் இந்தக் கதையைத்தான் முதல் விளக்கமாகச் சொல்வார்கள். அழகான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் இதே கதையை ராபின் பறவைக்கும் சொல்கிறார்கள். அதற்கு நெஞ்சு சிவந்தது. குறுக்கலகு கொண்ட கிராஸ்பில் பறவை சிலுவையின் ஆணியைப் பிடுங்கப் போய் அலகு கோணியது என்றும் ஒரு கதை உண்டு. எந்தச் சிவந்த பறவைக்கும் பொருந்துகிற கதையை வைத்து இந்தக் குறிப்பிட்ட பறவையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று விளக்க முடியாது. திசில் செடியை வைத்துத்தான் விளக்க முடியும்.

அடுத்தது கொள்ளை நோய். 1347–48இல் ஐரோப்பாவை வாரிக்கொண்டு போன பெரும் கொள்ளை நோய்க்குப் பிறகு இந்தப் பறவை நோயிலிருந்து காக்கும் பறவையாகவும் பார்க்கப்பட்டது என்பது ஃபிரீட்மனின் வாதம். இடைக்கால விலங்கு நூல்களில் காரட்ரியஸ் என்றொரு கற்பனைப் பறவை வரும். நோயாளியின் முகத்தைப் பார்த்தால் அவர் பிழைப்பார், நோயைப் பறவை தன்மேல் வாங்கிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிழைக்க மாட்டார். அந்த நம்பிக்கையின் சாயல் கோல்ட்ஃபின்ச் மேல் விழுந்தது என்கிறார் அவர்.

இதைப் பிடித்துக்கொண்டு ‘கொள்ளை நோயால்தான் பறவை படத்துக்குள் வந்தது’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு, தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஃபுளோரன்ஸ் நகரின் ஓர்சான்மிக்கேலே ஆலயத்தில் பெர்னார்தோ தாத்தி வரைந்த பெரிய மாதா படம் இருக்கிறது. குழந்தையின் கையில் தெளிவாக ஒரு கோல்ட்ஃபின்ச். படம் முடிந்தது 1347இல். ஃபுளோரன்சுக்குள் நோய் நுழைந்தது 1348 வசந்தத்தில். தாத்தியும் அந்த 1348இல்தான் இறந்தார். பறவை நோய்க்கு முன்பே வந்துவிட்டது. நோய்க்குப் பின் அதே படத்தின் முன் மண்டியிட்டவர்கள் அந்தப் பறவையிடம் வேறொன்றையும் வேண்டியிருக்கலாம். படம் மாறவில்லை, பார்த்தவர்களின் தேவைதான் மாறியது.

ரஃபேலின் படம்

இந்த வகையில் மிகப் பெயர்பெற்றது உஃபீசி அருங்காட்சியகத்தில் இருக்கும் ரஃபேலின் மாதா. படத்தின் பெயரே ‘கார்தெல்லினோ மாதா’. 1505–06 வாக்கில் வரைந்தது. மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். 107 × 77 செ.மீ. லொரென்சோ நாசி என்ற ஃபுளோரன்ஸ் வணிகரின் திருமணத்தை ஒட்டி வரையப்பட்டது. மாதா ஒரு கையில் புத்தகத்துடன் பாறைமேல் அமர்ந்திருக்கிறார். முழங்காலருகே இரண்டு குழந்தைகள். சிறுவன் யோவான், அதாவது பின்னாளில் திருமுழுக்கு யோவான் ஆகப்போகிறவர், ஓடியாடிப் பிடித்த பறவையை இரண்டு கைகளாலும் பொத்தி நீட்டுகிறான். முகத்தில் கொள்ளைச் சிரிப்பு. இயேசுவோ சிரிக்கவில்லை. ஒரு கையை மெல்ல நீட்டிப் பறவையின் தலைக்கு மேல் வைக்கிறார், தடவிக்கொடுப்பது போலவும் ஆசீர்வதிப்பது போலவும். அவருடைய சின்னப் பாதம் தாயின் பாதத்தின் மேல் ஊன்றி நிற்கிறது. படத்தை முதன்முறை பார்ப்பவர்கள் கண்ணில் இது படுவதில்லை. ஒருமுறை பட்டுவிட்டால் பிறகு மறக்காது.

1547இல் நாசி குடும்பத்தின் வீடு இடிந்து விழுந்தபோது பலகை 17 துண்டுகளாக உடைந்தது. துண்டுகளைச் சேர்த்து ஆணியடித்து, விரிசல்களின் மேல் வண்ணம் பூசி மறைத்தார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்குக் கொஞ்சம் வண்ணமும் வார்னிஷும் ஏற்ற, படம் பழுப்பேறிப் போனது. ஃபுளோரன்சில் உள்ள ஒபிஃபீச்சோ தெல்லே பியெத்ரே தூரே என்ற பழுதுபார்ப்பு நிறுவனம் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உழைத்து அந்தப் படலங்களை நீக்கியது. 2008இல் படம் திரும்பக் காட்சிக்கு வந்தது. எனவே இந்தப் படத்தின் பழைய அச்சுப் பிரதியை வைத்துப் பறவையின் நிறத்தைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள். 2008க்குப் பிறகு எடுத்த படம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ இதே காலத்தில், இதே ஃபுளோரன்சில், மைக்கலாஞ்சலோ இதே விஷயத்தைப் பளிங்கில் செதுக்கினார். வட்ட வடிவக் கல், குறுக்களவு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். இப்போது லண்டன் ராயல் அகாடமியில் இருக்கிறது. தத்தேய் தோந்தோ என்பது அதன் பெயர். அங்கே யோவான் நீட்டும் பறவை சிறகடிக்கிறது. குழந்தை இயேசு பதறித் தாயின் மடிக்குள் பாய்கிறார், ஆனால் தலை மட்டும் திரும்பிப் பறவையைப் பார்க்கிறது. பறவையும் பாதி செதுக்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. கல்லில் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஆகவே அது கோல்ட்ஃபின்ச் என்று சொல்வது சூழ்நிலையை வைத்துச் செய்யும் ஊகம்தான், வலுவான ஊகம் என்றாலும். ரஃபேலின் படத்தையும் இந்தக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே குறியீட்டுக்கு இரண்டு பதில்கள் தெரியும். ஒரு குழந்தை ஏற்றுக்கொள்கிறது, ஒரு குழந்தை மிரள்கிறது.

பக்கத்தில் என்ன இருக்கிறது?

ஒரு பறவையைத் தனியாக எடுத்து அர்த்த அகராதியில் தேடினால் தப்பாகத்தான் போகும். பக்கத்தில் இருக்கும் பொருள்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பழகிக்கொள்ள நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் கார்லோ கிரிவெல்லியின் மாதா படம் நல்ல பயிற்சி. சுமார் 1480, அளவு வெறும் 38 × 25 செ.மீ., ஒரு வார இதழை விரித்து நிறுத்திய அளவுகூட இல்லை. மாதாவுக்கு மேலே இரு பக்கமும் ஆப்பிள்களும் ஒரு வெள்ளரிக்காயும் தொங்குகின்றன. முன்னால் கல் விளிம்பு. விளிம்பின் மேல் ஓர் ஈ, படத்தின் மேல் நிஜமாகவே வந்து உட்கார்ந்ததோ என்று விரட்டத் தோன்றும் அளவுக்குப் பெரிதாக. ஆப்பிள் ஆதாமின் பாவம், ஈ தீமை. இந்தப் பக்கம் வெள்ளரிக்காயும் கோல்ட்ஃபின்ச்சும் மீட்பு. ஈயிடமிருந்து காப்பாற்றுவது போலக் குழந்தை பறவையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருக்கிறது. இப்போது பறவை வெறுமனே ‘பாடுகளின் சின்னம்’ இல்லை. ஒரு சண்டையில் ஒரு பக்கத்து ஆள்.

அந்தப் படத்திலேயே ஓவியரின் கையெழுத்து, ஒட்டிவைத்த காகிதத் துண்டு போல வரையப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட காகிதத் துண்டுக்குக் கலை உலகில் கார்தெல்லினோவுக்கு ஓர் ஒலி தள்ளி கார்ட்டெல்லினோ என்று பெயர். பாடப் புத்தகங்களில் இரண்டும் குழம்பிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒன்று சீட்டு, இன்னொன்று சிட்டு.

இன்னும் சில கூட்டாளிகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. குழந்தையின் கழுத்தில் சிவப்புப் பவளம் இருந்தால் அது கண்ணேறு படாமல் இருக்கக் கட்டியது. நம் வீடுகளில் குழந்தைக்குக் கறுப்புப் பொட்டு வைப்பதற்கும் அதற்கும் நோக்கம் ஒன்றுதான். பவளமும் கோல்ட்ஃபின்ச்சும் சேர்ந்து வந்தால் காப்பு என்ற அர்த்தம் தூக்கலாகிறது. பூனை இருந்தால் கதை வேறு. லண்டன் நேஷனல் கேலரியில் ஃபெதெரிகோ பரோச்சி 1575 வாக்கில் வரைந்த திருக்குடும்பப் படத்தில், யோவான் பறவையைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் தூக்கிப் பிடித்து வேடிக்கை காட்டுகிறான். பூனை பின்னங்காலில் எம்புகிறது. வீட்டுக் கூடத்தில் நடக்கும் குறும்பாகவும் பார்க்கலாம், ஆன்மாவுக்கு வலை விரித்திருக்கும் தீமையாகவும் பார்க்கலாம். பரோச்சி இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறார். எது சரி என்று அடித்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை.

சங்கிலி கட்டிய குருவி

17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்துக்குப் போனால் மாதாவும் இல்லை, குழந்தையும் இல்லை. பறவை மட்டும் தனியாக நிற்கிறது. கேரல் ஃபாப்ரிட்டியுஸ் 1654இல் வரைந்த இந்தப் படம் தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 33.5 × 22.8 செ.மீ. பலகை. வெளிறிய சுண்ணாம்புச் சுவர். அதில் பொருத்திய தீனிப்பெட்டி. பெட்டியைச் சுற்றி இரண்டு அரைவட்டக் கம்பிகள். மேல் கம்பியில் கிட்டத்தட்ட உயிரளவில் குருவி. காலிலிருந்து மெல்லிய சங்கிலி ஒன்று தொங்குகிறது. வேறொன்றும் இல்லை.

டச்சு மொழியில் இந்தப் பறவைக்குப் புட்டர் என்று பெயர். கிணற்றில் நீர் சேந்துவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இங்கே பெயர் முள்ளிலிருந்து வரவில்லை, வித்தையிலிருந்து வந்திருக்கிறது. கூண்டுக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர். சங்கிலியின் நுனியில், தைக்கும்போது விரலில் மாட்டும் குப்பி அளவுக்கு ஒரு வாளி. குருவி சங்கிலியை அலகால் இழுத்து, இழுத்த பகுதியைக் காலால் மிதித்துப் பிடித்து, மறுபடி அலகால் இழுத்துத் தண்ணீரை மேலே கொண்டுவரும். பிளினி சொன்ன ‘கை போலக் காலும் அலகும்’ இதுதான். ஃபாப்ரிட்டியுஸின் படத்தில் வாளி இல்லை, கிண்ணமும் இல்லை. வீடுகளில் இது பழகிய காட்சி என்பதால் டச்சுக்காரர்களுக்குச் சங்கிலியைப் பார்த்தாலே விஷயம் புரிந்திருக்கும்.

பெட்டியைச் சற்றுக் கீழிருந்து பார்ப்பது போலத்தான் வரைந்திருக்கிறார். ஆகவே படம் கண்மட்டத்துக்கு மேலே மாட்டுவதற்கு வரைந்தது. தூரத்தில் வருபவர் நிஜக் குருவி என்று ஒரு கணம் ஏமாற வேண்டும். கிட்டே போனால் ஏமாற்று கலைந்துவிடும். தூரிகைத் தடங்கள் அப்படி அப்படியே தெரியும். இறக்கையின் மஞ்சளைப் பாருங்கள்: அடியில் கறுப்பு, அதன் மேல் ஈய–வெள்ளீய மஞ்சளைத் தடிப்பாக ஒரே இழுப்பு, பிறகு தூரிகையின் கைப்பிடி முனையால் ஒரு கீறல். கீறிய இடத்தில் அடிக் கறுப்பு வெளியே வந்து இறகின் பிரிவாகிவிடுகிறது. கிரிவெல்லியால் இப்படிச் செய்திருக்க முடியாது. முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம் வைத்த மாத்திரத்தில் காய்ந்துவிடும். அதில் மயிரிழைக் கோடுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நூற்றுக்கணக்கில் இழுத்துத்தான் இறகு கொண்டுவர வேண்டும். எண்ணெய் வண்ணம் ஈரமாகவே காத்திருக்கும். கீறலாம், குழைக்கலாம், துடைக்கலாம். ஒரே பறவை இரண்டு நூற்றாண்டுகளில் இவ்வளவு வேறாகத் தெரிவதற்குப் பக்தி குறைந்தது மட்டும் காரணம் இல்லை.

1654 அக்டோபர் 12 அன்று டெல்ஃப்ட் நகரின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஊரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. ஃபாப்ரிட்டியுஸ் இடிபாட்டில் சிக்கி இறந்தார்; வயது 32. அவர் வரைந்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை பத்துப் பன்னிரண்டு படங்கள்தான். இந்தத் துயரத்தைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்க்கும்போது, கட்டுண்ட குருவியில் ஓவியரின் விதியையே படிக்கத் தோன்றும். தோன்றட்டும், ஆனால் அதை ஓவியரின் நோக்கம் என்று எழுதிவிடாதீர்கள். சங்கிலியை வரைந்தபோது அவருக்குக் கிடங்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. மரண முன்னறிவிப்பு நம் கண்ணில் இருக்கிறது, பலகையில் இல்லை.

கூண்டும் பூனையும் மறுபடி ஒரு குழந்தைப் படத்தில் வருகின்றன. வில்லியம் ஹோகார்த் 1742இல் வரைந்த கிரஹாம் வீட்டுக் குழந்தைகள், இதுவும் லண்டன் நேஷனல் கேலரியில். சிறுவன் கைப்பிடி சுற்றும் சின்னப் பெட்டி ஆர்கனை வாசிக்கிறான். கூண்டுக் கோல்ட்ஃபின்ச் தன் இசைக்குத்தான் சிறகடித்துப் பாடுகிறது என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. அவன் நாற்காலியின் பின்னாலிருந்து ஒரு பூனை கூண்டையே வெறித்துக்கொண்டிருப்பதை அவன் பார்க்கவில்லை. குருவி பாடவில்லை, பதறுகிறது. படத்தில் இருக்கும் கடைக்குட்டி, படம் முடிவதற்குள் இறந்துவிட்டது. பின்னால் இருக்கும் கடிகாரத்தின் மேல் அரிவாளுடன் ஒரு பொம்மைச் சிறுவன்.

எங்கே தவறு நடக்கிறது

பெரும்பாலான குழப்பம் தவறான பறவையால் வருவது. இணையத்தில் கோல்ட்ஃபின்ச் என்று தேடினால் முழு மஞ்சளில் நெற்றி கறுத்த ஒரு பறவை முன்னால் வந்து நிற்கும். அது அமெரிக்கப் பறவை, வேறு இனம். 1480இன் வெனிஸ் ஓவியர் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. சிவப்பு நெஞ்சில் இருந்தால் அது ராபின். ஒல்லியாக, வால் பிளவுபட்டு, முதுகு நீலக்கறுப்பாக இருந்தால் தகைவிலான்; கிரிவெல்லியே தகைவிலான் வைத்தும் ஒரு மாதா வரைந்திருக்கிறார், அங்கே அது உயிர்ப்பின் அடையாளம். பெர்லினில் இருக்கும் டியூரரின் 1506ஆம் ஆண்டு மாதா படத்தில் குழந்தையின் கைமேல் உட்கார்ந்திருப்பது சிஸ்கின். கோல்ட்ஃபின்ச்சின் உறவுதான், ஆனால் முகத்தில் சிவப்பு கிடையாது. பிரூஜ் நகரில் இருக்கும் யான் வான் ஐக்கின் 1436ஆம் ஆண்டுப் படத்தில் குழந்தையிடம் இருப்பது பச்சைக்கிளி. கோயாவின் சிவப்பு உடைச் சிறுவன் நூலில் கட்டிப் பிடித்திருப்பது மாக்பை, காக்கைக் குடும்பத்துக் கறுப்பு வெள்ளைப் பறவை.

நிறமும் ஏமாற்றும். அக்காலத்தில் பறவையின் முகத்துக்கு வைத்த சிவப்பு பெரும்பாலும் சாதிலிங்கம், அதாவது பாதரசம் கலந்த ஒரு சிவப்பு நிறப்பொடி. வெளிச்சம் படப்படச் சில சூழல்களில் அது கருத்துப்போகும். அதனால் கறுத்த முகத்துடன் ஒரு குருவியைக் கண்டால் உடனே ‘இது வேறு பறவை’ என்று விட்டுவிடாமல் இறக்கையைப் பாருங்கள். வெள்ளைக் கன்னம் மஞ்சளாகத் தெரிந்தால் அது பழைய வார்னிஷின் வேலை. இரண்டு அடையாளங்களாவது பொருந்தினால்தான் கோல்ட்ஃபின்ச் என்று சொல்லலாம். சிவப்பு முகமும் மஞ்சள் பட்டையும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு வகைத் தவறு அர்த்தத்தை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போவது. மத்ரித் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹீரோனிமுஸ் போஷின் ‘இன்பத் தோட்டம்’ படத்தின் நடுப் பலகையில் மனிதர்களைவிடப் பெரிய கோல்ட்ஃபின்ச் ஒன்று தன் அலகால் அவர்களுக்குப் பழம் ஊட்டுகிறது. அங்கே போய் முள்முடி பேசினால் எடுபடாது. ஆசை தலைகீழாக்கிய உலகம் அது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் நாட்டுப்புற ஓவியங்களிலும் டிஸ்டல்ஃபிங்க் வரும், களஞ்சியச் சுவரில் மாட்டும் வட்டப் பலகைகளிலும் திருமண, ஞானஸ்நானச் சீட்டுகளிலும். அங்கே அதற்கு அதிர்ஷ்டம், சந்தோஷம் என்பதற்கு மேல் ஒரு சுமையும் இல்லை.

ஆகவே ஒரு படம் கையில் கிடைத்ததும் முதலில் ஆண்டையும் ஊரையும் பாருங்கள். பிறகு பறவை யார் கையில், எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: கட்டியிருக்கிறதா, பிடித்திருக்கிறதா, தானாக வந்து உட்கார்ந்திருக்கிறதா? இறக்கை விரிந்திருக்கிறதா? குழந்தை அதைப் பார்க்கிறதா, வேறெங்கோ பார்க்கிறதா? தாயின் முகத்தையும் விட்டுவிடாதீர்கள். பல படங்களில் பறவைக்கான பதில் அங்கேதான் எழுதியிருக்கும். சின்னத்தின் அர்த்தத்தை இவ்வளவும் முடிந்த பின் தேடினால் போதும்.

தொடங்குவதற்குக் கிரிவெல்லியின் அந்தச் சின்னப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோபாலிட்டன் தளத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் ஈயைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து மெல்ல மேலே வாருங்கள், குழந்தையின் விரல்களுக்கு நடுவே சிவப்பு தெரியும்வரை.